எர்த் பிடிக்கவில்லை

தக்கலையில் என் ஷெட்டுக்குள்
கொட்டில்பாட்டு வண்டி நுழைந்தபோது
டாஷ்போர்டில் மூன்று மஞ்சள்.
ஸ்டியரிங் படம், பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி.
வழுக்கிப்போகும் காரும் அதன் பின்னால்
நெளியும் இரண்டு புழுவும்.
மூன்றாவது ஏபிஎஸ்.

ஜெனோபியா இறங்கினார்.
தோளைத் தடவிக்கொண்டே சொன்னார்:
"காரில்ல இது, மண்ணில ஏத்துன வள்ளம்.
திருப்பிப் பாரும்."

ஏற்கெனவே மூன்று இடம் பார்த்தாயிற்று.
நாகர்கோவிலில்
ராக்கையே மாற்றணும் என்றார்கள், எழுபத்தெட்டாயிரம்.
திங்கள்நகரில் டயருக்குக் காற்று ஏற்றிவிட்டுக்
காசு வேண்டாம் என்றான்.
அவனை எனக்குத் தெரியும். நல்லவன்.
டயருக்கு மேலே ஏறி எதையும் பார்த்ததில்லை.
குளச்சலில் ஒருத்தன் ஸ்கேனரைச் செருகி
எல்லாப் பிழையையும் அழித்துக்கொடுத்தான்,
பாவமன்னிப்பு மாதிரி.
இரணியல் வரும் முன்னே
விளக்குகள் மறுபடி பாவம் செய்தன.

மஸ்கட்டிலிருந்து கணவர் வீடியோவில் வந்தார்.
"அவன் சொன்னத மாத்திரு, பைசா அனுப்புதேன்."
ஃபோனை டாஷ்போர்டில் கவிழ்த்து வைத்தார் இவர்.

நானும் ஒன்றும் யோக்கியனில்லை.
ராக்கில் எனக்கென்ன தேறும் என்று
மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.
அப்போதுதான் நோட்டு வெளியே வந்தது.

ஐஸ் பிளாண்ட் கணக்கு நோட்டு.
முன்பக்கம் கட்டி எண்ணிக்கை, பாக்கி,
எந்த வள்ளக்காரர் எத்தனை தடவை நாளைக்கென்றார்.
பின்பக்கமாய்த் திறந்தால் வண்டி:

செவ்வாய் காலை. வெயில். பாரமில்லை.
புதன் ராத்திரி. லைட், வைப்பர். சந்தில் ரிவர்ஸ். பாரம்.
வெள்ளி. மழை. ஏசி போட்டதும் விளக்கு.
நிறுத்தினதும் பாரம் குறைந்தது. விளக்கு போகவில்லை.
ஞாயிறு பூசைக்குப் போகையில் ஒன்றுமில்லை.
பூசை முடிந்து, ஃபேன் நாலில். பாரம்.

பதினேழு வரி.
படித்து முடித்தபோது
என் கையில் ஸ்கேனர் இல்லை, மீட்டர் இருந்தது.

பேட்டரியில் பதிமூணு புள்ளி ஒன்பது.
குறை சொல்ல வழியில்லை.
லைட்டும் ஏசியும் போட்டு
ஷைஜு வளையத்தை மல்லுக்கட்டித் திருப்பத் திருப்ப
ஸ்டியரிங் மோட்டாரில் பார்த்தேன்.
பதினொன்று.
பத்தரை.
மூன்று வோல்ட் எங்கே போயிற்று?
ஒரு முழத் தூரத்தில் எந்தச் சுங்கச்சாவடி?

பேட்டரிக்குக் கீழே, தட்டுக்கும் கீழே,
விரல் நுழையாத மூலையில்
நெகட்டிவ் கம்பி பாடியைத் தொடும் ஒற்றை போல்ட்.
பச்சை பூத்திருந்தது.
ஒன்பது வருஷக் கடற்காற்று
தினம் ஒரு நுள்ளு உப்புடன் வந்து
அங்கே உட்கார்ந்து தின்றிருக்கிறது.
ஸ்பானர் வைத்தேன். போல்ட் இறுக்கம்தான்.
இவ்வளவு இறுக்கமாய் இருந்துகொண்டே
தொடாமல் இருக்க முடிகிறது
என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.
ஃபோன் கவிழ்ந்தே கிடந்தது.

உப்பை உப்புத்தாளால் தேய்த்தான் ஷைஜு,
தானே சொல்லித் தானே சிரித்தபடி.
செம்பு தெரிந்தது. புது வாஷர். மேலே கிரீஸ்.
பேட்டரியைக் கழற்றி மாட்டியதில்
நாலாவதாக ஒரு விளக்கும் சேர்ந்துகொண்டது.
அவர் முகம் விழுந்தது.
"பயப்படாண்டாம். நேர் எதுன்னு அதுக்கு மறந்துபோச்சு.
இடது கடைசி மட்டும் திருப்பும். இனி வலது கடைசி மட்டும்.
இனி நடுவில வச்சு ஓட்டும், அதுவா படிக்கும்."

வில்லுக்குறி போய்ச் சேருமுன்
ஒன்றாய், இரண்டாய், எல்லாம் அணைந்தன.
லைட், வைப்பர், ஏசி, ஃபேன் நாலு,
இருந்த எல்லாவற்றையும் போட்டுவிட்டு
மழையில்லாத கண்ணாடியை வைப்பர் கீச்சென்று தேய்க்க
ஒரு கையால் வளைத்துத் திருப்பினார்.

கூலி அறுநூறு என்றேன்.
ஐந்நூறு தந்தார்.
மீதிக்கு நோட்டின் முன்பக்கத்தில்
என் பேரும் ஏறியது, பாக்கிக்காரர்களுக்குக் கீழே.

கிளம்பும்போது கண்ணாடியை இறக்கினார்.
"இடத்த பக்கம் லேசா இழுக்கே?"

குனிந்து டயரைப் பார்த்தேன்,
பிறகு தார் பெயர்ந்து கிடந்த ஓரத்தை.
"அது ரோடு."

வண்டியை நிறுத்தி
அதையும் எழுதிக்கொண்டார்.